துவைக்க வேண்டாம்

எங்கள் வீட்டு மிருகங்களுக்கெல்லாம் துணியிலிருந்துதான் பெயர் வரும். கீழே லாண்டரி, மேலே வீடு என்று பதினெட்டு வருடம் வாழ்ந்தால் வேறு எங்கிருந்து வரும்? கறுப்புப் பூனைக்குக் கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும், அவள் காலர். வயது ஒன்பது. மஞ்சள் பூனை உருண்டையாக, கட்டிலடியில் உருண்டு போனால் பிறகு கண்ணிலேயே படமாட்டான், அவன் பொத்தான். வயது மூன்று. என் அக்கா ஒரு நாய்க்குட்டியைக் கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டு படியேறி வந்தபோது, உடம்புக்கு இரண்டு சைஸ் பெரிதாகத் தைத்துவிட்டது போல அதன் நெற்றியிலும் முதுகிலும் தோல் மடிந்து மடிந்து கிடந்தது.

"கசங்கல்னு வெச்சிடலாம்க்கா" என்றாள் என் மனைவி.

"இஸ்திரி போட்டா நேராயிடுமா?"

"இது இஸ்திரிக்கு மசியற கசங்கல் இல்ல. தையல்லயே இருக்கு."

அக்கா சிரித்தாள். ஆனால் குட்டியைக் கீழே விடவில்லை. முன்னறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. இடுக்கில் ஒரு பச்சைக் கண் தெரிந்தது.

அக்கா இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவள். டெப்போவில் எல்லோருக்கும் அவள் டிரைவரம்மா. தனி ஆள். அவள் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாக நோட்டீஸ் வந்த மாதமே அவளுக்கு வேலையும் முடிந்தது. எங்கள் வீட்டுப் பின்னறை காலியாகத்தான் கிடக்கிறது, வந்துவிடு என்றேன். வருகிறேன் என்றாள். கடைசி நாள் வண்டியை எடுக்கப் போனபோது, சூடு ஆறாத முன் சக்கரத்தின்மேல் சாய்ந்துகொண்டு இந்தக் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

"வண்டிய நகத்தணும்னா இதத் தூக்கணும். தூக்கினேன். அப்புறம் எறக்கி வெக்க எடமே கெடைக்கல" என்றாள்.

அன்று சாயங்காலமே எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தன் நிபந்தனையைச் சொல்லிவிட்டாள்.

"பத்து நாள். பூனைங்க ரெண்டும் இந்த வீட்டுக்காரங்க. அவங்களுக்கு ஒத்து வரலன்னா நானும் குட்டியும் கெளம்பிடுவோம். எங்கூட வேல பாத்த கண்டக்டர் தோட்டத்தோட வீடு வெச்சிருக்கா. ஒரு ரூம் இருக்கு, வாடீங்கறா. பத்தாம் நாள் பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். அதுக்கு மேல அவளால ரூமைக் காலியா வெக்க முடியாது."

கண்டக்டரின் ஊருக்கு ஐந்து மணி நேரப் பயணம். நானும் அக்காவும் ஒரே கூரையின் கீழ் இருந்து முப்பது வருடம் ஆகிறது. சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் நான் விழித்தபோது, "நான்தான் பிரிச்சேன்" என்று அப்பாவிடம் போய் நின்றவள் அவள். யாருக்கும் தன்னால் தொந்தரவு வரக்கூடாது. வந்த தொந்தரவெல்லாம் தன்னுடையதாகவே இருக்கட்டும். அவள் சுபாவம் அது. ஐந்து மணி நேரம் தள்ளிப் போய்விட்டால், எதற்காகவும் எங்களைக் கூப்பிடவே மாட்டாள்.

பூனைகள் என் மனைவியுடையவை. அவள் நியாயஸ்தி. "அக்கா இருக்கணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா காலர் கிட்ட நான் போய் சிபாரிசு பண்ண முடியாதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு கடை தள்ளிக் கால்நடை மருத்துவர் இருக்கிறார். அவருடைய வெள்ளைக் கோட்டுகள் வாரம் ஒருமுறை எங்களிடம்தான் வரும். அந்த வாரம் அவரிடம் என்ன பிராணிகள் வந்தன என்று கோட்டைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன்; முயல் முடி பூப்போல மேலே நிற்கும், நாய் முடி ஊசி போலக் குத்திக்கொண்டு நிற்கும். அவரிடம் போய்க் கேட்டேன்.

"லாண்டரிக்காரரே, ஒரு ஆள் யாருன்னு தெரியணும்னா நீங்க மூஞ்சியப் பாப்பீங்க. பூனை அப்படி இல்ல. அதுக்கு மூக்குலதான் கண்ணு. மூஞ்சியக் கடைசியாத்தான் காட்டணும். மொதல்ல வாசனை, அப்புறம் சத்தம், அப்புறம் கம்பிக்கு அந்தப் பக்கம் உருவம், அதுக்கப்புறம்தான் ஒரே அறை. அவசரப்பட்டீங்கன்னா திரும்ப முதல்லேருந்துதான்."

"வாசனைய எப்படி டாக்டர் காட்டறது?"

"துண்டு. குட்டி மேல நல்லாத் தேய்ச்சு, அதைப் பூனையோட சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழ போடுங்க. பூனை கன்னத்துல தேய்ச்ச துண்டைக் குட்டியோட படுக்கையில போடுங்க. அந்த வாசனை வர்றப்பெல்லாம் வயிறு நெறையுதுன்னு ரெண்டு பக்கமும் புரியணும். அவ்வளவுதான்."

எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு காரியத்தைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லிவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. பத்து நாளுக்கும் ஒரு அட்டவணை போட்டேன். முதல் ஆறு நாள் வாசனை, பிறகு இரண்டு நாள் கம்பி, அதற்குப் பிறகு கயிற்றோடு நேருக்கு நேர். அதை மாடிப்படிச் சுவரில் ஒட்டினேன்.

வீட்டின் அமைப்பும் தோதாக இருந்தது. முன்னறையும் சமையலறையும் பூனைகளுக்கு. பின்னறை அக்காவுக்கும் குட்டிக்கும். அங்கிருந்து நேராகக் கடைக்கு இறங்கத் தனிப் படிக்கட்டு உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. கடையிலிருந்து நீராவியும் பஞ்சுத் தூசியும் வீட்டுக்குள் வராமலிருக்க, அந்தக் கதவின் அடியில் ரப்பர் பட்டை அடித்து வைத்திருந்தேன். காற்றுகூடப் புகாது. வாசனை எந்த வழியாகப் போகவேண்டும் என்று நாம் தீர்மானிக்கிறோமோ அந்த வழியாகத்தான் போகும் என்று எனக்குப் பெருமை.

தினமும் காலையில் அக்கா பின்னறையிலிருந்து ஒரு துண்டைக் கொண்டுவந்து என்னிடம் தருவாள். என் மனைவி முன்னறையிலிருந்து ஒரு துண்டைத் தருவாள். நான் இரண்டையும் கைமாற்றிவிடுவேன். எல்லையில் நிற்கும் அதிகாரி மாதிரி எனக்கு ஒரு மிடுக்கு.

முதல் நாளே காலர் துண்டின்மேல் நின்று முழுத் தட்டையும் காலி செய்தாள். பொத்தான் இரண்டாம் நாள் அதன்மேலேயே சுருண்டு தூங்கினான். பின்னறையிலும் அப்படித்தான்; கசங்கல் பூனைத் துண்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு குறட்டை விட்டது.

"என்னங்க, இவ்வளவு சுலபமா?" என்றாள் மனைவி.

"முறையாப் பண்ணினா எல்லாமே சுலபம்தான்" என்றேன்.

அக்கா மட்டும் அந்த நாட்களில் கால் விரலில் நடந்தாள். முன்னறைக்கு வரும்போதெல்லாம் குளித்து, உடை மாற்றி, ஈரத் தலையோடு வருவாள். விருந்தாளி மாதிரி நாற்காலியின் நுனியில் உட்காருவாள். சாப்பிட்ட தட்டை நாங்கள் பார்ப்பதற்குள் கழுவிவிடுவாள். காலர் ஒருமுறை அவள் பாதத்தை முகர்ந்துவிட்டு, ஒன்றும் விசேஷமில்லை என்று நடந்து போனாள். அதையும் நான் வெற்றியாகவே குறித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் எல்லாம் இவ்வளவு நன்றாகப் போகிறதே என்று, அட்டவணையில் இரண்டு கட்டங்களை அடித்துவிட்டேன். ஐந்தாம் நாளே கம்பி.

துணி காயப்போடும் ஸ்டாண்டை நிமிர்த்தி, அதில் வலை கட்டி, நடுவாசலில் பொருத்தினேன். இந்தப் பக்கம் பூனைகளின் தட்டுகள், அந்தப் பக்கம் குட்டியின் தட்டு. அக்கா கசங்கலைப் பிடித்துக்கொண்டாள். கதவைத் திறந்தேன்.

காலர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். முதலில் அவள் கண் எதையும் பார்க்கவில்லை, மூக்குத்தான் துடித்தது. பிறகு அவள் வால் பாட்டில் கழுவும் பிரஷ்போல ஆனது. அப்படி ஒரு சத்தத்தை நான் அவளிடம் ஒன்பது வருடத்தில் கேட்டதில்லை; தண்ணீர் தெளித்த இஸ்திரிப் பெட்டி போல ஆரம்பித்து, கிழியும் துணி போல முடிந்தது. ஒரே தாவில் அலமாரி. அங்கிருந்து, கூரையை ஒட்டிப் போர்வைகள் அடுக்கிய மேல்தட்டு. பொத்தானைக் காணவேயில்லை. அந்தப் பக்கம் கசங்கல் பயத்தில் அக்காவின் புடவையை நனைத்துவிட்டு அவள் அக்குளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

கதவைச் சாத்தினேன். முழுதாக அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று முழுக்கக் காலர் இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தை மேலே தூக்கிக் கொடுத்தால் இரண்டு வாய் நக்கினாள். சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனைவி ஸ்டூல் போட்டு ஏறி, விரலில் மீனைத் தடவி நீட்டினாள். விரலை முகர்ந்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் காலையில் மருத்துவருக்குப் போன் செய்தேன்.

"ரெண்டு நாளா? சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அப்பவும் சாப்பிடலன்னா தூக்கிட்டு வந்துடுங்க. பூனை நாயாட்டம் பட்டினி தாங்காது, ஈரலுக்கு வந்துடும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கேட்டுவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது. பின்னறையிலிருந்து பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் வந்தது. அக்காவும் கேட்டிருக்கிறாள்.

"அக்கா, இன்னும் மூணு நாள் இருக்கு" என்றேன் கதவுக்கு வெளியே நின்று.

"பூனைக்கு இல்லடா."

கடைக்கு இறங்கும் படியில் போய் உட்கார்ந்தேன். கையில் அன்றைய துண்டு இருந்தது. பழக்கதோஷத்தில் அக்கா காலையில் அதையும் கொடுத்திருந்தாள்.

ஓடாத மெஷின் எதிரில் நின்றால் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: கரண்டு எதுவரை வந்திருக்கிறது? பிளக் வரை இருக்கிறதா, சுவிட்ச் வரை இருக்கிறதா, மோட்டார் வரை இருக்கிறதா என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனால், எங்கேயோ ஓரிடத்தில் இருந்தது இல்லாமல் போயிருக்கும். அங்கேதான் பழுது. இங்கே என்ன விசித்திரம் என்றால், நாலு நாள் நாயின் வாசனைமேல் நின்று சாப்பிட்ட பூனை, அதே வாசனையோடு நாய் வந்து நின்றதும் அதை முன்பின் தெரியாத ஆளாகப் பார்த்திருக்கிறது. நாயிலிருந்து துண்டுக்கு, துண்டிலிருந்து பூனைக்கு. நடுவில் எங்கே விட்டுப்போனது?

துண்டை முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதில் ஆச்சரியம் இல்லை. ஒரே வாசனையில் நாள் முழுக்க இருந்தால் மூக்கு அதை எண்ணிக்கையில் சேர்ப்பதை நிறுத்திவிடும். பதினெட்டு வருடம் நீராவியிலும் சோப்புத் தூளிலும் நின்ற என் மூக்கு ஏறக்குறைய ஓய்வு பெற்ற கேஸ். சரி, மூக்கு இல்லாவிட்டால் கண்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூத்துண்டின் மேல்பரப்பு முழுக்கக் குட்டிக் குட்டி நூல் வளையங்கள். உடம்பில் தேய்த்தால் அவை படுத்துவிடும். டிரையரில் சுடச்சுடச் சுற்றினால்தான் எழுந்து நிற்கும். இந்தத் துண்டில் ஒவ்வொரு வளையமும் அணிவகுப்புக்கு வந்த மாதிரி நின்றது. ஒரு முடி இல்லை. போதாததற்கு, ஓரத்தோடு ஓரம் பிசகாமல், எங்கள் கடை வழக்கப்படி மூன்றாக மடித்திருந்தது. நாயைத் துடைத்த துண்டை யார் மூன்றாக மடிப்பார்கள்?

ஏழு நாளாக இதை என் கையால்தான் வாங்கிக் கைமாற்றியிருக்கிறேன். எனக்கு ஏன் தெரியவில்லை என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அழுக்குத் துண்டாக இருந்திருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும். சுத்தமான துண்டில் என்ன குறை இருக்க முடியும் என்றுதான் லாண்டரிக்காரனின் கண் பழகியிருக்கிறது.

கீழே ஓடினேன். மூன்றாம் நம்பர் மெஷினும் அதன்மேல் இருக்கும் சின்ன டிரையரும் எங்கள் வீட்டுத் துணிக்கு மட்டும். அந்த டிரையரின் வடிகட்டியை நான் வாரக் கடைசியில்தான் சுத்தம் செய்வேன். இழுத்தேன். பஞ்சு ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஓரத்தில் நகத்தால் கீறிப் பிரித்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அடியில் ஒரு வரி பழுப்பு முடி. அதன்மேல் ஒரு வரி கறுப்பும் மஞ்சளும். மறுபடி பழுப்பு. மறுபடி கறுப்பும் மஞ்சளும். அடுக்கடுக்காக ஆறு நாளும் அதில் இருந்தது. மேலே ஒன்றையொன்று பார்க்காமல் இருந்த மூன்று பிராணிகளும் இங்கே எப்போதோ சந்தித்துவிட்டிருந்தன.

வடிகட்டியை விளக்குபோல ஏந்திக்கொண்டு மேலே வந்தேன். "ரெண்டு பேரும் இங்க வாங்க."

அக்கா பின்னறைக் கதவில் வந்து நின்றாள். மனைவி முன்னறைப் பக்கம்.

"அக்கா, துண்டைக் குட்டி மேல தேய்ச்ச அப்புறம் என்ன பண்ணினே?"

"உங்கிட்ட குடுத்தேன்."

"அதுக்கு நடுவுல?"

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "காலையில நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி கீழ போய் ஒரு அலசு அலசினேன். அது ஒரு நாத்தம்டா. தெரு நாய்க்குட்டி. அதை அப்படியே கொண்டுவந்து இவ சமையலறையில போடச் சொல்றியா? லாண்டரிக்காரன் வீட்டுல வந்து உக்காந்துக்கிட்டு, நாத்தம் புடிச்ச துணியை நீட்டினா இவ என்னைப் பத்தி என்ன நெனைப்பா?"

"ஒரு அலசா?"

"ரெண்டு. சூடான தண்ணி. அந்த நீல டப்பாத் தூள்."

நீல டப்பா மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளுக்கு வைத்திருப்பது. வாசனை என்பது வெறும் காற்றல்ல. உடம்பின் எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டுதான் துணியில் தங்கும். சோப்பு அந்தப் பசையைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் விட்டுவிட்டால், வாசனைக்கு உட்கார இடமே கிடையாது. நீலத் தூள் ஒரு வாரத்து வியர்வையையே கழற்றிவிடும். ஒரு நாய்க்குட்டி அதற்கு எம்மாத்திரம்?

"அப்ப இந்தக் கறுப்பு முடி?" வடிகட்டியை மனைவி பக்கம் திருப்பினேன்.

அவள் புடவைத் தலைப்பால் இல்லாத வியர்வையைத் துடைத்தாள்.

"நீயுமா?"

"பின்ன என்னங்க? பூனை முடியும் எச்சிலுமா இருந்துச்சு. நாத்தனார் படுக்கற அறைக்கு அதை எப்படி அனுப்பறது? ராத்திரி கடையைச் சாத்தறப்ப போட்டு எடுத்துடுவேன். நல்ல துண்டாத்தான் குடுத்தேன்."

"ரெண்டு பேரும் நல்ல துண்டாத்தான் குடுத்திருக்கீங்க. ஆறு நாளா காலருக்கு நாம அறிமுகம் பண்ணி வெச்சது நம்ம சோப்புத் தூளை. அது அவளுக்குப் பொறந்ததுலேருந்து தெரியும்."

அக்காவும் மனைவியும் என்னைத் தாண்டி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அக்காவின் தோள்தான் குலுங்கியது. அடுத்த நொடி மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, அப்ப நீங்க தெனம் குளிச்சுக் குளிச்சு வந்ததும்..."

"பின்ன, நாய் வாடையோட உன் சோபாவுல வந்து உக்காரச் சொல்றியா?"

"எனக்கு மட்டும் இது தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனே! நீங்க ஏதோ எங்க வீடு சுத்தமில்லன்னு நெனைச்சுத்தான் குளிச்சுக் குளிச்சு வர்றீங்கன்னு ரெண்டு தடவை தரையைத் தொடைச்சேன்."

"அடிப்பாவி."

அப்போது மேலிருந்து ஒரு மெல்லிய சத்தம் வந்தது. காலர். சிரிப்பு அடங்கிவிட்டது. சாயங்காலம் வரைதான் நேரம்.

அக்கா உள்ளே போனாள். கட்டிய பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். இரண்டு முடிச்சுப் போட்டிருந்தது.

"என் டிரைவர் கோட்டு. குட்டி மொத நாள்லேருந்து இதுக்குள்ளதான் தூங்கும். இப்பவும் மத்தியானத்துல இதைக் குடுத்தாத்தான் அடங்கும். இதை மட்டும் துவைக்க மனசு வரல. உங்க கண்ணுல பட்டா எங்க மெஷின்ல போட்டுடுவீங்களோன்னு ஒளிச்சு வெச்சிருந்தேன்."

முடிச்சை அவிழ்த்தாள். ஓய்வு பெற்ற என் மூக்குக்கே வந்தது. டீசல், ரப்பர், நனைந்த நாய், பால், இன்னும் என்னென்னவோ.

"இதுதான்" என்றேன்.

முன்னறையின் கோடியில், ஜன்னலுக்குக் கீழே கோட்டை விரித்தேன். காலரின் தட்டைக் கோட்டுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. அறையின் மறுகோடியில், அவளுடைய பழைய இடத்தில். மறுபடி போன் செய்து கேட்டபோது மருத்துவர் சொன்னது அது: பயப்படும் வாசனைக்குப் பக்கத்தில் சோறு வைத்தால் சோறும் கெட்டுப்போகும். மூன்று பேரும் தரையில், கதவோரமாக உட்கார்ந்தோம்.

இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு போர்வை அடுக்கின் விளிம்பில் வெள்ளைக் காலர் தெரிந்தது. இறங்கவேண்டும் என்று அவள் முடிவு செய்ததாகத் தெரியவில்லை. மூக்கு முன்னால் போனது, உடம்பு அதன் பின்னால் வந்தது. அலமாரி, நாற்காலி, தரை. வயிறு தரையில் உரச, ஓரடி வைப்பாள், நிற்பாள், ஓரடி வைப்பாள்.

கோட்டின் கை விளிம்பிலிருந்து ஆரம்பித்தாள். பதினோரு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஒரு துணியைக் கறைக்காக நான் சோதிப்பதைவிட ஒழுங்காகச் சோதித்தாள். கை, தோள், காலர், பாக்கெட். பாக்கெட்டில் மட்டும் மூன்று முறை. நடுவில் ஓரிடத்தில் தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருக்கி, வாயை அரைகுறையாகத் திறந்துகொண்டு, எதிலோ ஏமாந்துபோனவள் மாதிரி அப்படியே உறைந்து நின்றாள்.

"என்னடா ஆச்சு அவளுக்கு?" அக்கா என் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா. பூனைக்கு மேலண்ணத்துல இன்னொரு மூக்கு மாதிரி ஒண்ணு இருக்கு. ரொம்ப முக்கியமான வாசனைன்னா வாயால இழுத்து அங்க அனுப்பிப் பாக்கும். டாக்டர் சொன்னாங்க. இப்பத்தான் படிக்கிறா."

படித்து முடித்தாள். ஓரடி பின்வாங்கினாள். கோட்டைப் பார்த்து ஒரே ஒரு முறை, அளவாகச் சீறினாள். பிறகு அறையைக் குறுக்கே நடந்து போய்த் தட்டில் வாய் வைத்தாள்.

மூன்று வாய்தான். ஆனால் சாப்பிட்டாள். மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏன் சாப்பிட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. மருத்துவரிடம் போய்க் கேட்டேன். "சீறினாளா? ரொம்ப நல்லது. யாரோ இருக்காங்க, யாருன்னும் தெரிஞ்சுபோச்சு. தெரியாத ஒண்ணுக்குப் பயந்துக்கிட்டுத்தான் மேல கெடந்தா. தெரிஞ்சதத் திட்டிட்டுச் சாப்பிடலாமில்ல?" என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

திரும்ப வந்தபோது மனைவி கடையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். வரும் ஒவ்வொரு துணிக்கும் ஒரு சீட்டு எழுதிப் பின் குத்துவது எங்கள் வழக்கம். கைக்கு அகப்பட்ட துணியை மெஷினில் போட்டுவிடும் வீட்டில் அந்தக் கோட்டுக்கும் ஒன்று தேவைதான்.

"பொருள், கோட்டு ஒண்ணு. கறை..." பேனாவைக் கடித்தாள். "கறை, நாய். வேலை, துவைக்க வேண்டாம்." கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தாள். "திருப்பித் தர்ற தேதி என்ன போடட்டும்க்கா?"

அக்கா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்தாம் நாள்னு போடேன்."

"தேதி தெரியலன்னா நாங்க கோடு போட்டுடுவோம்" என்று சொல்லி மனைவி ஒரு கோடு இழுத்து, சீட்டைக் கிழித்துக் கோட்டில் குத்தினாள்.

பின்னறைக்குப் போகவேண்டிய துணி அடுத்த பிரச்சினை. மனைவி கொஞ்சம் தயங்கி, அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு ஒரு குஷனை எடுத்தாள். காலர் தினமும் கன்னத்தைத் தேய்க்கும் குஷன்.

"இதை ரெண்டு வருஷமா துவைக்கல."

"ரெண்டு வருஷமா!" என்றாள் அக்கா.

"துவைச்சா அவ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறா. வெளிய சொல்லிடாதீங்க, ஒரு கஸ்டமர் வரமாட்டாங்க."

கசங்கல் அந்தக் குஷனைச் சுற்றி நாலு முறை ஓடி, ஒரு முறை குரைத்து, அதன்மேல் தும்மியது. தூங்கவில்லை. இந்த முறை தூங்காததுதான் எனக்குத் திருப்தியாக இருந்தது.

நான் கதவடி ரப்பர் பட்டையைக் கழற்றினேன். பஞ்சுத் தூசி வந்தால் வரட்டும்.

பத்தாம் நாள் காலையில் நிலவரம் இதுதான்: காலர் முழுத் தட்டும் சாப்பிட்டாள், ஆனால் மூடிய கதவிலிருந்து இரண்டு கை தூரம் தள்ளித்தான். எழுந்ததும் கோட்டிடம் போய் ஒருமுறை சீறிவிட்டு வருவதை ஒரு கடமையாக வைத்திருந்தாள். பொத்தான் கதவுக்கு முன்னால் பக்கவாட்டில் படுத்து இடுக்கில் கையை நுழைத்திருந்தான். அந்தப் பக்கம் கசங்கலின் மூக்கு இடுக்கை அடைத்துக்கொண்டு ஈரமாகத் தெரிந்தது. பொத்தான் அதை ஒரு தட்டுத் தட்டினான். நகம் வெளியே வரவில்லை. மூக்கு உள்ளே போய், மறுபடி வந்தது. மறுபடி ஒரு தட்டு. காலர் தன் இடத்திலிருந்தே இதைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் போன் அடித்தது. கண்டக்டரம்மாவின் குரல் ஸ்பீக்கர் போடாமலே கூடம் முழுக்கக் கேட்டது. பஸ்ஸின் பின்பக்கம் வரை கத்திப் பழகிய குரல்.

"என்னடி டிரைவரம்மா, ரூமைக் கூட்டி வெச்சிடட்டுமா? இன்னிக்குப் பதில் சொல்றேன்னே!"

"இருடி, ஒரு நிமிஷம்." அக்கா போனைக் கையால் மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தாள். "பத்து நாள் ஆயிடுச்சும்மா. சொன்னா சொன்னபடி இருக்கணும். ரெண்டும் இன்னும் நேரா பாக்கவே இல்லயே."

மனைவி இஸ்திரி போட்ட சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள். "மொத ஆறு நாள் நாம அறிமுகம் பண்ணினது சோப்புத் தூளை. அதெல்லாம் கணக்குல சேராதுக்கா. இன்னிக்கு நாலாம் நாள்தான்."

"டெப்போவுல டைம் கீப்பர் இப்படி ஒத்துக்க மாட்டாரு."

"இங்க டைம் கீப்பர் நான்தான். கோட்டுச் சீட்டுல தேதி போட்டிருக்கா பாருங்க."

அக்கா போய்ப் பார்த்தாள். குனிந்து, சீட்டைத் திருப்பிக்கூடப் பார்த்தாள். பிறகு போனைக் காதில் வைத்தாள்.

"இல்லடி. வரல. ரூமை வேற யாருக்காவது குடுத்துடு." எதிர்முனை ஏதோ கேட்டது. "அதெல்லாம் இல்ல. இங்க வண்டி இப்பத்தான் ஸ்டாண்டை விட்டு நகருது. ஆமா, நாலாம் நாள்."

அன்று சாயங்காலம் அக்கா முன்னறைக்கு வந்தாள். தலை ஈரமாக இல்லை. காலையிலிருந்து கட்டியிருந்த அதே புடவை. நாற்காலியின் நுனியில் இல்லாமல் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை நீட்டினாள். மடியிலும் தோளிலும் பழுப்பு முடி.

காலர் சோபாவின் கைப்பிடியில் ஏறினாள். அக்காவின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நிதானமாக முகர்ந்தாள். பாதியில் நிறுத்தி, உதட்டைச் சுருக்கி, வாயைத் திறந்துகொண்டு நின்றாள். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை அசைக்காமல் வைத்திருந்தாள்.

"படிக்கட்டும்" என்றாள் மனைவி மெதுவாக. அவள் கண் அக்காவின் தோளிலிருந்த முடிமேல் இருந்தது. யார் சட்டையில் ஒரு நூல் ஒட்டியிருந்தாலும் பேச்சுக்கு நடுவிலேயே எடுத்துவிடுகிறவள். அன்று எடுக்கவில்லை.